வாசலில் வைத்த எண்

2002 ஜூலையில், உலகின் இரண்டு மூலைகளில், ஒன்றையொன்று அறியாமல் இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டனில், நைஸ் என்று எல்லோரும் அழைக்கும் அரச மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், கடும் உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சையைத் தேசிய சுகாதார சேவை தன் செலவில் செய்யலாம் என்று முடிவு சொன்னது. யாருக்கு? பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைச் சுட்டெண் 40ஐத் தொட்டவருக்கு. அல்லது 35க்கும் 40க்கும் இடையில் நின்று, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோயும் உள்ளவருக்கு. அதே மாதம் சிங்கப்பூரில், உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் நான்கு நாட்கள் உட்கார்ந்து, இந்த எண்கள் ஆசியர்களின் உடலுக்குப் பொருந்துமா என்று பேசினார்கள். பொருந்தாது என்பதற்கே சான்றுகள் கூடுதலாக இருந்தன.

லண்டனில் எழுதிய எண் வாசலில் மாட்டப்பட்டது. சிங்கப்பூரில் எழுந்த கேள்வி அந்த வாசலுக்கு வந்துசேரப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

நான் இங்கே எழுதுவது இங்கிலாந்தின் கதையை. ஸ்கொட்லாந்துக்கும் வேல்சுக்கும் தனிக் கதைகள் உண்டு. பணம் கேட்காத ஒரு வைத்தியசாலை, "இல்லை" என்ற சொல்லை எப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டது என்பதே என் அக்கறை. தனியார் வைத்தியசாலையில் அந்தச் சொல் பில்லில் இருக்கும், பார்த்ததும் விளங்கிவிடும். இலவச சேவையில் அது ஓர் எண்ணாகவும், ஒரு காத்திருப்பாகவும், "இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்" என்ற மென்மையான கடிதமாகவும் வருகிறது. மறுக்கப்பட்டோம் என்பதே பலருக்கு நெடுநாள் தெரிவதில்லை.

எண்ணிலிருந்து தொடங்குவோம். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830களில் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் வைத்தியர் அல்லர். வானியலும் புள்ளிவிபரமும் தெரிந்தவர். "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். எவருடைய நோயையும் அவர் தேடவில்லை. 1972இல் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் அதைத் தூசி தட்டி எடுத்து, இன்றைய பெயரைச் சூட்டினார். ஐந்து நாடுகளின் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் அளவுகள் அவரிடம் இருந்தன. அந்த ஐந்தில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. பெண்களும் இல்லை. இன்று இங்கிலாந்தில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதை இங்கே ஒரு பக்கமாகக் குறித்துவைத்துவிட்டு நகர்கிறேன்.

மக்கள் கூட்டங்களை ஒப்பிட அது வசதியான கணக்குத்தான். தராசும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் போதும். அந்த வசதியே பிறகு வினையாயிற்று.

சத்திரசிகிச்சையின் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 1954இல் மினசோட்டாவில் கிரெமென், லின்னர் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிச் செல்லும்படி குடலை இணைத்துப் பார்த்தார்கள். உண்டது உடலில் ஒட்டாமல் போனது, மெலிவு வந்தது, கூடவே கடும் வயிற்றோட்டமும், சிலருக்கு ஈரல் சிதைவும் வந்தன. காலப்போக்கில் அந்த முறை கைவிடப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் பிறகு நிறை கூடுவதில்லை. சிகாஷி இட்டோ என்ற சக வைத்தியருடன் சேர்ந்து அவர் வகுத்ததே இரைப்பை மாற்றுவழி. இரைப்பையின் மேல்நுனியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலுடன் இணைப்பது. பின்னாளில் இரைப்பையைச் சுற்றிச் சிலிக்கோன் பட்டி கட்டும் முறையும், இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டியெடுத்து வாழைக்காய் வடிவில் மிச்சம் வைக்கும் முறையும் வந்தன. 1990களில் துளைவழிக் கருவிகள் வந்ததும், நெஞ்சுக்குக் கீழே நீளமாகக் கிழித்த காலம் முடிந்தது. நோயாளி சில நாட்களில் வீடு திரும்பினார்.

பிரித்தானியாவில் 1970களில் இதைவிட எளிய ஒன்று செய்யப்பட்டது. பருமனானவர்களின் தாடைகளைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். திரவம் மட்டும் உள்ளே போகும். கம்பியை அவிழ்த்ததும் நிறை திரும்பிவிடும். வாயைக் கட்டு என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் வாய்வார்த்தை. இவர்கள் உண்மையாகவே கட்டினார்கள். இந்தச் சிகிச்சை மறைந்துவிட்டது. இதற்குப் பின்னால் இருந்த எண்ணம் மறையவில்லை. பருமன் என்பது வாயின் குற்றம், அடங்காமையின் கூலி. ஆகவே சிகிச்சைக்கு முன் ஒருவர் தன் அடக்கத்தை நிரூபிக்க வேண்டும். பின்னால் வரும் விதிகள் பலவற்றில் இந்த எண்ணம் வேறு உடையில் நிற்பதைக் காணலாம்.

1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் ஒரு கருத்தொருமைப்பாட்டு மாநாடு நடத்தின. 40, அல்லது நோயுடன் 35 என்ற வரம்பு அங்கேதான் பிறந்தது. வயிற்றைத் திறந்து செய்த காலத்தின் ஆபத்துகளை எடைபோட்டு வகுத்த வரம்பு அது. துளைவழி முறை வந்து ஆபத்து பல மடங்கு குறைந்த பிறகும் எண் அப்படியே இருந்தது. அந்த வரம்பை மாற்றி உலக அளவிலான சத்திரசிகிச்சைச் சங்கங்கள் புதிதாக எழுதியது 2022இல். முப்பத்தொரு ஆண்டுகள். நைஸ் 2002இல் எடுத்துக்கொண்டதும் அந்த 1991 எண்களைத்தான்.

ஆனால் 2002இன் ஆவணத்தில் எண்ணைவிடப் பெறுமதியான ஒன்று இருந்தது. அதை விளங்கிக்கொள்ள நைஸ் ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1948 ஜூலை 5ஆம் திகதி அனைரின் பெவன் தொடக்கிவைத்த சேவை, எல்லோருக்கும் எல்லாம் என்று வாக்களித்தது. மூன்றே ஆண்டுகளில், பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கப் போகிறார்கள் என்று பெவனே அமைச்சுப் பதவியைத் துறந்தார். எல்லையற்ற வாக்குறுதிக்கும் எல்லையுள்ள பணப்பெட்டிக்கும் நடுவிலான இழுபறி அன்றே ஆரம்பித்துவிட்டது. 1990களில் இது ஊருக்கு ஊர் வேறுபட்ட மறுப்புகளாக வெளிப்பட்டது. ஒரு தெருவின் இந்தப் பக்கம் கிடைக்கும் மருந்து அந்தப் பக்கம் கிடைக்காது. போஸ்ட்கோட் லொத்தர் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அதை ஒழிக்கவென்றே 1999இல் நைஸ் உருவானது. 2002 ஜனவரி முதல் அதன் கைக்கு ஒரு சட்டப் பலமும் வந்தது: "தொழில்நுட்ப மதிப்பீடு" என்ற வகையில் நைஸ் ஒன்றைப் பரிந்துரைத்தால், உள்ளூர்ச் சுகாதார அமைப்புகள் மூன்று மாதங்களுக்குள் அதற்குப் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

2002 ஜூலையில் வந்த சத்திரசிகிச்சை ஆவணம் இந்த வகையைச் சேர்ந்தது. மதிப்பீடுகளின் வரிசையில் 46ஆவது. அதாவது, அந்த எண்ணைத் தொட்ட ஒருவருக்கு அது கருணையாகக் கிடைக்கும் ஒன்றாக இருக்கவில்லை. உரிமைக்கு மிக அருகில் இருந்தது.

நடைமுறையில் அந்த உரிமையைப் பயன்படுத்தப் போதிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் இல்லை. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சேவையில் நடந்தவை வெறும் 238. பயிற்சி பெற்றவர்கள் வர, 2007இல் அது 2,543 ஆனது. வாசல் திறந்து ஆட்கள் உள்ளே வரத் தொடங்கிய வேளை.

அப்போதுதான் 2006 டிசம்பர் வந்தது. நைஸ் உடற்பருமன் பற்றி ஒரு பெரிய வழிகாட்டியை வெளியிட்டது. குழந்தைகள், பாடசாலை, உணவு, உடற்பயிற்சி, மருந்து, சத்திரசிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். நல்ல ஆவணம். சத்திரசிகிச்சை பற்றிய வரம்பும் அப்படியே இருந்தது, பி.எம்.ஐ. 50க்கு மேற்பட்டவருக்கு அதையே முதல் சிகிச்சையாகக் கொள்ளலாம் என்று தாராளமான ஒரு வரியும் சேர்ந்தது. அந்த வழிகாட்டி 46ஆவது மதிப்பீட்டை விழுங்கிவிட்டது. விழுங்கியதில் தொலைந்தது சட்டப் பலம். மூன்று மாத விதி மதிப்பீடுகளுக்கு மட்டுமே உண்டு, வழிகாட்டிகளுக்கு இல்லை. வழிகாட்டியைக் "கவனத்தில் கொள்ள" வேண்டும், அவ்வளவுதான். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாறியதில், யாரும் கூட்டம் போட்டு எதிர்க்காமல், நான்கரை ஆண்டு வாழ்ந்த ஓர் உரிமை போயிற்று. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான நாள் இதுதான். சத்திரசிகிச்சை நிபுணர்கள் எழுதும் வரலாறுகளில் கருவிகளும் முறைகளும் விரிவாக வரும். நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றிய இந்தக் கோப்பு மாற்றம் ஒரு வரியில் வந்தால் அதிகம்.

அப்போது இங்கிலாந்தில் 152 ஆரம்ப சுகாதார அறக்கட்டளைகள் இருந்தன; பணப்பெட்டி அவற்றின் கையில். விதி தளர்ந்ததும் பல அறக்கட்டளைகள் தங்கள் சொந்த எண்களை எழுதத் தொடங்கின. சில 45 என்றன. சில 50 என்றன. ஐம்பதுக்கு மேல் முதல் சிகிச்சை என்று நைஸ் தாராளமாக எழுதிய வரியின் எண்ணை எடுத்து, ஐம்பதுக்குக் கீழே சிகிச்சையே இல்லை என்று வாசலை அடைத்தார்கள். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 40 என்பது 109 கிலோ. 50 என்பது 136 கிலோ. இருபத்தேழு கிலோ வித்தியாசம். 2010இன் தொடக்கத்தில் அரச சத்திரசிகிச்சைக் கல்லூரி இதை வெளிப்படையாகக் கண்டித்தது. வசிக்கும் ஊரே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது என்றும், வரம்பை எட்டுவதற்காக மேலும் பருமனாகும்படி நோயாளிகள் தள்ளப்படுகிறார்கள் என்றும் அதன் நிபுணர்கள் சொன்னார்கள். நிறையைக் குறைக்கும் சிகிச்சைக்காக நிறையைக் கூட்டுவது. நோய் முற்றட்டும், அப்புறம் வா என்பது. புற்றுநோய்க்கு இப்படிச் சொன்னால் ஊர் எழுந்து நின்றிருக்கும்.

அறக்கட்டளைகளின் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இந்தச் சிகிச்சை நைஸ் வழக்கமாக ஏற்கும் செலவு வரம்புக்கு மிகக் கீழே நின்றது. நல்ல வாழ்வின் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை அன்று ஏற்றுவந்த நிறுவனத்துக்கு இது மலிவு. ஆனால் செலவு இந்த ஆண்டு. மிச்சம் பத்து ஆண்டுகளில், இன்சுலின் குறைவதிலும் மாரடைப்பு வராமல் போவதிலும். பெட்டியோ மார்ச் மாதத்தில் மூடப்படுகிறது. ஏப்ரலில் புதுப் பெட்டி. வருங்காலத்தில் மிச்சமாகும் பணத்தை இந்த ஆண்டுக் கணக்கில் எழுத எவராலும் முடியாது. பருமனானவர்களுக்காகக் கொடி பிடிக்க ஊரில் ஆளும் இல்லை. வெட்ட வேண்டிய இடம் எது என்று தேடும் அதிகாரியின் கண் இங்கே வந்து விழுவதில் வியப்பில்லை.

2011இல் ஒரு வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயர் அறக்கட்டளையின் எல்லைக்குள் வாழ்ந்த, நீரிழிவு முற்றிய, முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர். அவருடைய பி.எம்.ஐ. 43. நைஸின் எண்படி தகுதி உண்டு. அறக்கட்டளையின் எண் 50. "விதிவிலக்கான நிலை" என்று விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தில் மருத்துவக் காரணங்களை மட்டும் பார்ப்போம், அவருடைய குடும்ப வாழ்வும் சமூக வாழ்வும் எப்படிக் கெட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கமாட்டோம் என்றது அறக்கட்டளையின் கொள்கை. அது மனித உரிமைச் சாசனத்தின் எட்டாம் பிரிவை மீறுகிறது என்று அவர் தரப்பு வாதாடியது. ஜூலையில் தீர்ப்பு வந்தது. கொள்கை சட்டப்படி சரியே என்றது நீதிமன்றம். பின்னர் புதிய மருத்துவ விபரங்களைக் கொண்டு அவருக்கு அனுமதி கிடைத்தது; ஆனால் தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றது.

"விதிவிலக்கு" என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். உம்மைப் போன்ற மற்ற நோயாளிகளிலிருந்து நீர் வேறுபட்டவர் என்று காட்டினால்தான் விதிவிலக்கு. உம் தெருவில் பத்துப் பேருக்கு அதே வருத்தம் இருந்தால் நீர் விதிவிலக்கல்லர். நோய் பரவலாக உள்ள சமூகத்திலிருந்து வருகிறவருக்கு இந்தப் பாதை பிறப்பிலேயே மூடப்பட்டது. நாற்பது வயதில் சீனி வருத்தம், ஐம்பதில் நெஞ்சு வருத்தம் என்பது ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் வாழும் நம் குடும்பங்களில் எந்த மேசையிலும் வியப்பை எழுப்பாத செய்தி. இதில் எதை விதிவிலக்கு என்று காட்டுவது?

2013 ஏப்ரலில் ஆட்சி மாறியது. நோயாளிக்கு அல்ல, கோப்புகளுக்கு. அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. இந்தச் சத்திரசிகிச்சையை மத்திய அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்து பொறுப்பேற்றது. நாடு முழுவதும் ஒரே விதி என்றதும் பலர் மகிழ்ந்தார்கள். எண் மீண்டும் 40க்கும் 35க்கும் வந்தது. ஆனால் வாசலுக்கு முன்னால் படிகள் கட்டப்பட்டன. முதற்படி பொதுச் சுகாதார அறிவுரை, இரண்டாம் படி உள்ளூர் நிறைகுறைப்பு வகுப்பு, மூன்றாம் படி வைத்தியர், உணவியலாளர், உளவியலாளர் சேர்ந்த சிறப்புக் குழு, நான்காவது சத்திரசிகிச்சை. மூன்றாம் படியில் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மாதங்கள் ஒழுங்காகக் கலந்துகொண்டிருக்க வேண்டும். கடும் பருமன் ஐந்து ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். தாடைக் கம்பியின் காலத்து எண்ணம், நாகரிகமான மொழியில்.

பல இடங்களில் அந்த மூன்றாம் படியே கட்டப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பணம் கொடுக்க வேண்டியது புதிதாகப் பிறந்த உள்ளூர் மருத்துவக் குழுக்களா, பொதுச் சுகாதாரத்தைப் புதிதாக ஏற்ற நகரசபைகளா என்பதில் தெளிவில்லை. நான்காம் படியில் ஆள் தயாராக நிற்கிறார். இரண்டாம் படியிலிருந்து ஏறும் இடத்தில் வெற்றிடம். 2016 ஏப்ரலில் பொறுப்பு மறுபடியும் உள்ளூர்க் குழுக்களுக்கே திரும்பியது. 2022இல் அந்தக் குழுக்களும் போய் 42 சபைகள் வந்தன. இருபது ஆண்டுகளில் வாசற்காவலர் மூன்று முறை மாறியிருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் விதியைத் தெரிந்துகொண்டு நோயாளியை அனுப்ப வேண்டியவர் குடும்ப வைத்தியர். அவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

எண்ணிக்கை இதையெல்லாம் காட்டிக்கொடுத்தது. 2011-12இல் அரச புள்ளிவிபரம் 8,794 என்ற உச்சத்தைத் தொட்டது. 2014-15இல் சுமார் 6,000. பருமனும் நீரிழிவும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றின் மிக வலுவான சிகிச்சை இறங்கியது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, நைஸின் எண்படி இங்கிலாந்தில் தகுதியுள்ள பெரியவர்கள் 5.4 விழுக்காடு, அதாவது சுமார் 21 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. எல்லோரும் கத்தியை விரும்பப்போவதில்லை, விரும்பவும் கூடாது. ஆனாலும் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் மூவருக்கும் குறைவு என்பதை விருப்பமின்மை என்று விளக்க முடியாது.

மிக வலுவான சிகிச்சை என்று எழுதினேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 1995இல் வட கரோலைனாவின் வால்டர் போரீஸ், தான் மாற்றுவழிச் சிகிச்சை செய்த நீரிழிவாளர் 146 பேரில் 121 பேரின் இரத்தச் சீனி சாதாரண நிலைக்குத் திரும்பியது என்று எழுதினார். பலருக்கு நிறை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சீனி இறங்கியது. இது வெறும் பட்டினியின் விளைவாக இருக்க முடியாது. உணவு வேறு பாதையில் குடலைச் சேரும்போது அங்கே சுரக்கும் ஹோர்மோன்கள் மாறுகின்றன. அவற்றில் ஒன்றான ஜி.எல்.பி.-1 பற்றிப் பின்னால் வருகிறேன். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்றவர்களில் மரணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்று 2007இல் அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் விற்றமின் எடுக்க வேண்டும், சிலருக்கு நிறை ஓரளவு திரும்பும், சிலருக்கு மறுபடி வயிற்றைத் திறக்க நேரும் என்பதெல்லாமும் உண்மை. ஆனால் இது அழகுக்காகச் செய்யும் காரியம் என்ற ஏளனத்துக்கு 1995க்குப் பிறகு இடமில்லை.

நீரிழிவு என்றதும் நம் கதைக்குள் வந்துவிட்டோம். 1983க்குப் பிறகு தமிழர்கள் அலை அலையாக லண்டனில் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், நகரின் மேற்கே சவுத்ஹோலிலும் சுற்றுப்புறத்திலும் போல் மக்கீக்கும் சகாக்களும் தெற்காசியரையும் ஐரோப்பியரையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியரும் பிற வட இந்தியரும். 1991இல் முடிவு வந்தது. நாற்பது முதல் அறுபத்தொன்பது வயதுக்குள் தெற்காசியரில் நீரிழிவு 19 விழுக்காடு, ஐரோப்பியரில் 4. தெற்காசியரின் கொழுப்பு இடுப்புக்கு மேலே, வயிற்றுக்குள்ளே சேர்ந்திருந்தது. நீரிழிவைக் காட்டியது அந்த வயிறுதான், பி.எம்.ஐ. அதைச் சரியாகக் காட்டவில்லை. பெதெஸ்டாவில் 40ம் 35ம் எழுதப்பட்டதும் அதே 1991இல்தான்.

2004இல் லான்செட் இதழில் ஒரு பக்கத்தில் இரண்டு வைத்தியர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆங்கிலேயரின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடற்கொழுப்பு 21.2. ஒல்லியாக இருக்கிறான், இவனுக்கு எப்படிச் சீனி வந்தது என்று திருமண மண்டபங்களில் நாம் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு படத்தைவிடத் தெளிவான பதில் இல்லை. சிங்கப்பூர்க் கூட்டத்தின் அறிக்கை வெளியானதும் அதே ஆண்டு, அதே இதழில். உலகப் பொது வரம்புகளை அது மாற்றவில்லை. ஆசியருக்கு 23, 27.5 ஆகியவற்றை எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது.

நைஸ் 2014 நவம்பரில் இதைத் தொட்டது. அண்மையில் நீரிழிவு கண்ட ஆசிய வம்சத்தவருக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலும் சத்திரசிகிச்சை மதிப்பீட்டைப் பரிசீலிக்கலாம் என்று எழுதியது. எவ்வளவு குறைந்த என்று அதில் எண் இல்லை. எண்ணால் ஆளப்படும் வாசலில், எண் இல்லாத சலுகையை எந்தக் காவலர் மதிப்பார்? 2023இல்தான் 2.5ஐக் கழிக்கலாம் என்று தெளிவாக வந்தது. நமக்கு 40 என்பது 37.5, 35 என்பது 32.5. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, வெள்ளையர் ஒருவருக்கு 30இல் வரும் நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று காட்டியிருந்தது. வித்தியாசம் ஆறுக்கு மேல். நோய் வரும் ஆபத்தும் சத்திரசிகிச்சையின் பயனும் ஒன்றல்ல என்பதால் ஆறையும் அப்படியே கழி என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் 2.5 என்பது உடலைப் பார்த்து எடுத்த எண் என்பதைவிட, பேரம் பேசி நின்ற எண் போலவே எனக்குத் தோன்றுகிறது.

வாசல் திறக்காதபோது மக்கள் வேறு கதவைத் தேடுவார்கள். கொவிட் காலத்தில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நின்றன, வரிசைகள் நீண்டன. இங்கே தனியாரிடம் பத்தாயிரம் பவுணுக்கு மேல். துருக்கியில் அதன் ஒரு பகுதி. விமானத்தில் போய் ஒரு வாரத்தில் வயிற்றை வெட்டிக்கொண்டு திரும்பியவர்களில் சிலர் கசிவோடும் கிருமித் தொற்றோடும் இறங்கினார்கள். சிலர் திரும்பவே இல்லை. திரும்பி வந்தவர்களின் சிக்கல்களை, முன்பு வாசலை அடைத்த அதே சேவை அவசரப் பிரிவில் இலவசமாகப் பார்த்தது.

பிறகு ஊசி வந்தது. ஜி.எல்.பி.-1 என்று மேலே சொன்னேனே, குடல் சுரக்கும் அதே ஹோர்மோனை நடிக்கும் மருந்துகள். சத்திரசிகிச்சை கத்தியால் செய்ததில் ஒரு பகுதியை இவை வாரம் ஒரு குத்தலால் செய்கின்றன. செமாக்ளூட்டைட் 2023 மார்ச்சில் நைஸின் ஒப்புதலைப் பெற்றது. சிறப்புக் குழு வழியாக, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு. அதைவிட வலுவான டிர்செபடைட் 2024 டிசம்பரில் வந்தது. இரண்டும் "தொழில்நுட்ப மதிப்பீடுகள்". 2006இல் தொலைந்த சட்டப் பலம் உடைய அதே வகை. டிர்செபடைட்டுக்கு நைஸ் எழுதிய வரம்பு: பி.எம்.ஐ. 35, கூடவே நிறை தொடர்பான ஒரு நோய். தெற்காசியருக்கு 32.5. தகுதியுள்ளவர்கள் சுமார் 34 இலட்சம் பேர்.

மூன்று மாதங்களுக்குள் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற விதி இந்த எண்ணிக்கையின் முன் நிற்கவில்லை. என்.எச்.எஸ். இங்கிலாந்து அவகாசம் கேட்டது; நைஸ் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வரை. முதல் மூன்று ஆண்டுகளில் 220,000 பேருக்கு, அதாவது தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ பதினைந்தில் ஒருவருக்கு. 2025 ஜூன் 23ஆம் திகதி குடும்ப வைத்தியர்கள் இதை எழுதிக்கொடுக்கலாம் என்று வாசல் திறந்தபோது, அதில் மாட்டியிருந்த எண் 35 அல்ல. 40, கூடவே ஒரு நோய் போதாது, ஐந்து நோய்கள் கொண்ட பட்டியலில் நான்கு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், உறக்கத்தில் மூச்சுத் திணறல், கொலஸ்ட்ரோல். தெற்காசியருக்கு 37.5, அதே நான்கு நோய்களோடு.

165 சென்ரிமீற்றர் உயரமுள்ள நம்மவர் ஒருவர், 95 கிலோ, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு என்று வையுங்கள். அவருடைய பி.எம்.ஐ. 35. நைஸ் எழுதியபடி அவருக்கு அந்த மருந்துக்குத் தகுதி இருக்கிறது. 2025 ஜூனில் வாசல் திறந்தபோது, குடும்ப வைத்தியரின் கணினியில் அவருக்குத் தகுதி இருக்கவில்லை. இன்னும் ஏழு கிலோவும் இன்னும் இரண்டு நோய்களும் வேண்டியிருந்தன.